பைபை சொல்லாமப் போன பொட்டி

கொசுவத்திச் சுருள் ஒண்ணு ஏத்திக்கிட்டேன். பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ கையில வச்சுக்கிட்டுப் படிங்க மக்களே.

2021 ஊரடங்கு நேரம். வண்ணார்பேட்டை வீட்டுல மாடியில நான், கீழ அம்மா. ஒருநாள் சாயங்காலம் கீழ இருந்து குரல் வருது.

"ஏய்யா, ஆச்சி பாடுன தாலாட்டு ஒன் பொட்டியிலதான கெடக்கு? அத இங்கன இருந்தே என் போன்ல கேக்க முடியாதா? மாடிப்படி ஏற முட்டி விட மாட்டேங்கு."

இந்த ஒரு கேள்விதான் ஆரம்பம். 'ஒரு வாரத்துல செஞ்சு தாரேம்மா'ன்னு சொன்னேன். ஏழு மாசம் ஆச்சு. அந்த ஏழு மாசத்துல படிச்சதும், அதுக்கப்புறம் பட்டதும்தான் இந்தப் பதிவு.

முதல்ல அந்தத் தாலாட்டு எங்க இருந்து வந்துதுன்னு சொல்லணும். பிலிப்ஸ்காரன் கேசட்டை உலகத்துக்குக் காட்டுனது 1963. திருநெல்வேலி வானொலி நிலையம் ஆரம்பிச்சதும் அதே 1963தான். ரெண்டும் எங்க வீட்டுல வந்து சந்திச்சது 80கள்ல, அப்பா வாங்குன டூ-இன்-ஒன்னுல. ரேடியோவுல பிடிச்சது எது வந்தாலும் சிவப்பு பட்டனையும் ப்ளே பட்டனையும் சேத்து அமுக்கிருவார். வில்லுப்பாட்டு, நாதஸ்வரம், நாடகம்னு எல்லாம் உண்டு. ரேடியோவுல ஒண்ணும் இல்லன்னா வீட்டு மனுசங்கள உக்கார வச்சு பேசச் சொல்லிப் பதிவார். அப்படித்தான் 1986-ல ஆச்சி பாடுன தாலாட்டு ஒரு கேசட்டோட பி பக்கத்துல ஏறுச்சு. பாட்டுக்கு நடுவுல சேவல் கூவும், யாரோ இருமுவாங்க. அந்த இருமல் அப்பாவோடது.

1992 நவம்பர்ல தாமிரபரணி பெருகி வந்தப்போ அப்பா முதல்ல பரண்ல ஏத்துனது அந்தக் கேசட் பெட்டியத்தான். ரேஷன் கார்டு அதுக்கப்புறம்தான் ஏறுச்சு. அம்மா இன்னிக்கும் அதச் சொல்லி ஏசுவா.

2004-05ல நான் ஒரு ஒயரப் போட்டு, ஆடாசிட்டியில ஒவ்வொரு பக்கமா ஓடவிட்டு எல்லாத்தையும் எம்பி3 ஆக்குனேன். மொத்தம் 94 கோப்பு. மோனோ, 64 கேபிபிஎஸ். அரை மணி நேரப் பக்கம் ஒண்ணு 14 எம்பி. எல்லாம் சேத்தாலும் ஒண்ணரை ஜிபி கூட வராது. இந்தக் கணக்க ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால தேவைப்படும்.

சரி, மேட்டருக்கு வருவோம். ஒரே வீட்டுக்குள்ள இருக்குற ரெண்டு பொட்டி ஒண்ணை ஒண்ணு எப்படிக் கண்டுபிடிக்குது? முகவரி தெரிஞ்சா பேசலாம். தெரியாதவங்களுக்கு? நம்ம அம்மாக்கிட்ட போய் '192.168 போட்டு...'ன்னு ஆரம்பிக்க முடியுமா?

இந்தக் கேள்விக்கு வயசு ஜாஸ்தி. 1985-லயே ஆப்பிள்காரன் ஆப்பிள்டாக்னு ஒண்ணு வச்சிருந்தான். ஒயரைச் சொருகுனா பிரிண்டர் தானா பட்டியல்ல வந்து நிக்கும். இணையம் வந்தப்போ அந்தச் சுகம் போயிருச்சு, எல்லாத்துக்கும் எண் கொடுக்கணும்னு ஆச்சு. அதத் திரும்பக் கொண்டுவர ரெண்டு கோஷ்டி கெளம்புச்சு. ஒண்ணு மைக்ரோசாஃப்ட் 1999-ல முன்னால நின்னு ஆரம்பிச்ச யுபிஎன்பி. இன்னொண்ணு ஆப்பிள் 2002-ல விட்ட ராண்டேவூ, பின்னாடி அதுக்குப் பேரு போன்ஜூர். மீடியா சர்வர் விஷயத்துல வீட்டுக்கு வீடு நுழைஞ்சது யுபிஎன்பிதான்.

அது எப்படி வேலை செய்யுதுங்கறது நம்ம தெருவுல மோர் விக்க வர்ற ஆச்சியப் பாத்தாலே புரியும். எந்த வீட்டுல மோர் வேணும்னு அவங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு கதவாத் தட்டவும் மாட்டாங்க. தெரு முக்குல நின்னு ஒரு கூப்பாடு. கேக்குறவங்க எல்லாருக்கும் கேக்கும், வேண்டியவங்க மட்டும் சொம்போட வருவாங்க. யுபிஎன்பியிலயும் இதே கதைதான். 239.255.255.250ங்கற பொது முகவரிக்கு, 1900ங்கற வாசல்ல, நம்ம செயலி ஒரு கூப்பாடு போடும். அதுக்குப் பேரு எம்-சர்ச். 'மீடியா சர்வர் யாராவது இருக்கியளா?'ன்னு அர்த்தம். இருக்குற சர்வர் எல்லாம் ஒரே நேரத்துல கத்துனா குழம்பிரும்ல? அதனால 'இத்தனை நொடிக்குள்ள எப்பவாவது பதில் சொல்லுங்க'ன்னு கூப்பாட்டுலயே ஒரு எண் போகும். ஒவ்வொரு சர்வரும் அதுக்குள்ள ஏதோ ஒரு நேரத்துல மெதுவா 'நான் இங்கன இருக்கேன், என் விவரம் இந்த முகவரியில இருக்கு'ன்னு பதில் தரும்.

அந்த விவரத்தப் படிச்சா 'கன்டென்ட் டைரக்டரி'ன்னு ஒரு சேவை இருக்கும். 2002-ல தரமாக்குனது. அதுகிட்ட 'பிரவுஸ்'னு கேக்கணும். மொத அலமாரிக்கு எண் எப்பவும் 0. 0-வத் தெற, உள்ள இருக்குற அலமாரிப் பேரு வரும். அதத் தெற, அதுக்குள்ள இருக்குறது வரும். கடைசியில பாட்டோட முகவரி. சர்வர் உலாவும் செயலின்னா வேலை இவ்வளவுதான். என்ன ஒண்ணு, பதில் எக்ஸ்எம்எல்லுக்குள்ள இன்னொரு எக்ஸ்எம்எல்லா மடிச்சு வரும். கல்யாணப் பத்திரிகைய ஒரு உறையில போட்டு, அத இன்னொரு உறையில போட்டு ஒட்டுன மாதிரி. ரெண்டு தடவ பிரிக்கணும்னு புரியவே எனக்கு ரெண்டு நாளாச்சு (சிரிக்காதீங்க).

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ரெண்டு சேதி. சர்வர் உயிரோட இருந்தா அப்பப்போ 'அலைவ்'னு கத்தும். அணைக்கும்போது 'பைபை'ன்னு ஒரு சேதி அனுப்பும். நிஜமாவே தரத்துல அந்தச் சொல்தான் இருக்கு. பைபை சொல்லாமப் போயிட்டா? அது கடைசியாச் சொன்ன கெடு முடியுற வரைக்கும், பெரும்பாலும் 1800 நொடி, அதாவது அரை மணி நேரம், மத்தவங்க அது இருக்குன்னே நெனைச்சுக்கிட்டு இருப்பாங்க.

இந்த ஏற்பாட்டுல பூட்டே கிடையாது, கவனிச்சீங்களா? யாரு கூப்பிட்டாலும் பதில். வீட்டுக்குள்ள எல்லாரும் நம்மாளுங்கதானேங்கற நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு அடி விழுந்த கதையும் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி 2001 அக்டோபர்ல வந்துது. டிசம்பர்லயே அதோட யுபிஎன்பி வழியா பொட்டியவே கைப்பற்றலாம்னு கண்டுபிடிச்சுட்டாங்க. 2013 ஜனவரியில ரேபிட்7 நிறுவனம் இணையம் முழுக்கக் கூப்பாடு போட்டுப் பாத்தது. வீட்டுக்குள்ள மட்டும் கேக்க வேண்டிய கேள்விக்கு வெளிய இருந்து 8 கோடிக்கும் மேல முகவரிகள் பதில் சொல்லிச்சு. திண்ணையில படுக்குறவன் கதவத் தெறந்து போட்டுப் படுக்கலாம். ஆனா அந்தக் கதவு நெடுஞ்சாலையப் பாத்து இருந்தா?

நேர்மாறான கூத்தும் நடந்துது. 2003 ஏப்ரல்ல ஐட்யூன்ஸ் 4 வந்தப்போ வீட்டுக்கு வெளிய இருக்குறவங்களும் நம்ம பாட்டக் கேக்கலாம்னு இருந்துச்சு. ஜனங்க உற்சாகமா ஊருக்கே தெறந்து விட்டாங்க. ஒரே மாசத்துல, மே மாசம், ஆப்பிள் அத வீட்டு நெட்வொர்க்கோட நிறுத்திருச்சு. அதே 2003-ல சோனி, இன்டெல் எல்லாம் சேந்து பின்னாடி டிஎல்என்ஏன்னு பேர் வாங்குன கூட்டமைப்ப ஆரம்பிச்சாங்க. டிவி, பிளேயர், போன் எல்லாம் ஒரே பாஷை பேசணும்னு முத்திரை குத்திக் கொடுத்தாங்க. 2017 ஜனவரியில 'வந்த வேலை முடிஞ்சுது'ன்னு கடையச் சாத்திட்டாங்க. அதுக்குள்ள ஜனங்க வீட்டுல பாட்டு சேத்து வைக்கிறதையே விட்டுட்டு மாசச் சந்தாவுக்குப் போயாச்சு. நான் செயலி எழுத ஆரம்பிச்சது அதுக்கும் நாலு வருஷம் கழிச்சு. திருவிழா முடிஞ்சப்புறம் பலூன் கடை போட்ட மாதிரி :-)

'இதுக்கெல்லாம் விஎல்சி இருக்கேடே'ன்னு கேப்பீங்க. இருக்கு. பாரிஸ்ல ஒரு கல்லூரி மாணவர்கள் 1996-ல ஆரம்பிச்சது, 2001-ல எல்லாருக்கும் இலவசமா தெறந்து விட்டாங்க. வீட்டு சர்வரையும் அழகா உலாவும். முதல்ல அதத்தான் அம்மா போன்ல போட்டேன். (அந்த விஎல்சி தளமே 2022 பிப்ரவரில இருந்து நம்ம நாட்டுல பல இணைப்புகள்ல தெறக்காமப் போச்சு. அவங்க சட்ட நோட்டீஸ் அனுப்புன பிறகு நவம்பர்லதான் தடை விலகுச்சு.) சர்வர் வந்துது, அலமாரி வந்துது. உள்ள தெறந்தா ஒரே கட்டமும் கேள்விக்குறியும்.

"என்னய்யா இது, கோலம் போட்டு வச்சிருக்கு?"ன்னா அம்மா.

தப்பு விஎல்சி மேல இல்ல, 2004-ல இருந்த என் மேல. அப்போ நாம எல்லாம் திஸ்கி ஆளுங்க. எ-கலப்பையில தட்டி, பிளேயரோட எழுத்துருவையே திஸ்கிக்கு மாத்தி வச்சு, ஒவ்வொரு எம்பி3-க்கும் தமிழ்ல தலைப்புப் போட்டு வச்சிருந்தேன். எழுத்துரு இருந்தாத்தான் அது தமிழ். இல்லன்னா வெறும் குப்பை.

சரி, யுனிகோடுக்கு மாத்திருவோம்னு உக்காந்தேன். அங்க இன்னொரு வேடிக்கை. அந்தக் கோப்புகள்ல இருந்தது 1996-ல வந்த ஐடி3 முதல் பதிப்பு. தலைப்புக்கு மொத்தம் 30 பைட் எடம். திஸ்கியில 'திருநெல்வேலி'ன்னு எழுத 10 பைட் போதும், ஏன்னா 'ரு'வுக்கும் 'ல்'லுக்கும் அதுல தனித்தனி எண் உண்டு. யுனிகோட் யுடிஎஃப்-8ல 12 குறி, ஒவ்வொண்ணும் 3 பைட், ஆக 36. நம்ம ஊர் பேரே அந்தப் பெட்டிக்குள்ள அடங்காது! 'வண்ணார்பேட்டை' 39. பெட்டி செஞ்சவன் மனசுல நாம இல்லவே இல்ல.

புதுப் பதிப்பு ஐடி3-ல எடம் தாராளம். அதனால மாத்தி எழுத ஒரு சின்ன நிரலி எழுதுனேன். திஸ்கியில கொம்பு முன்னால வரும், யுனிகோடுல எழுத்துக்குப் பின்னால. 'கொ'ன்னா கொம்பு, க, கால் மூணையும் பொறுக்கிச் சேத்து ஒழுங்கா அடுக்கணும். 94 கோப்பு. ஒவ்வொரு தலைப்பா கட்டத்துல இருந்து தமிழா வெளிய வர்றதப் பாத்தப்போ, சேறு கழுவுன சிலையப் பாக்குற மாதிரி இருந்துச்சு. கடைசியா வந்துது: 'ஆச்சி தாலாட்டு, பி பக்கம்'.

அம்மாவுக்குன்னே செயலிய எழுதுனேன். பெரிய தமிழ் எழுத்து, ஒரு திரையில அஞ்சே வரி, வேற ஒண்ணும் கிடையாது. அதுலயும் அடி மேல அடி. ஆண்ட்ராய்டு போன் பேட்டரிய மிச்சம் பிடிக்க, பொதுக் கூப்பாடு எதையும் காதுல வாங்காது. 'மல்டிகாஸ்ட் லாக்'னு ஒண்ணு கேட்டு வாங்குனாத்தான் சர்வர் கத்துற 'அலைவ்' கேக்கும். 2018-ல வந்த ஆண்ட்ராய்டு 9-ல இருந்து மறையாக்கம் இல்லாத இணைப்பு எல்லாம் தடை. யுபிஎன்பி பேசுறது பூரா அந்தப் பழைய திறந்த இணைப்புலதான். வெளிப்படையா அனுமதின்னு எழுதி வைக்கணும்.

அதெல்லாம் சரி பண்ணியும் அம்மா போன்ல சர்வர் வரல. என் போன்ல வருது. ஒரு வாரம் தலைய பிச்சுக்கிட்டேன். காரணம் சப்புன்னு இருந்துச்சு: கீழ ஒரு ரவுட்டர், மாடியில நான் தனியாப் போட்ட இன்னொரு ரவுட்டர். ஒரு ரவுட்டருக்குள்ள போட்ட கூப்பாடு அடுத்த ரவுட்டரத் தாண்டாது. ஒரே வீட்டுல ரெண்டு கரை!

எங்க வீட்டுல இருந்து பொடிநடையாப் போனா சுலோசன முதலியார் பாலம். ஆத்துக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலி, இந்தப் பக்கம் பாளையங்கோட்டை. நடுவுல பாலம் இல்லாத காலத்துல படகுதான். சுலோசன முதலியார் தன் சொந்தக் காசப் போட்டு, 1843-ல பாலம் வந்துது. இன்னிக்கும் அதுலதான் போறோம் வர்றோம். என் வீட்டுக்கு நான் போட்ட பாலம் அவ்வளவு செலவில்ல. மாடி ரவுட்டரோட அமைப்புக்குள்ள போய் 'பிரிட்ஜ் மோட்'னு ஒரு பட்டன அமுக்குனேன். ரெண்டு கரையும் ஒண்ணாச்சு.

அன்னிக்கு ராத்திரி அம்மா கட்டில்ல படுத்துக்கிட்டே ஆச்சி பாட்டக் கேட்டா. ரெண்டாவது தடவ போட்டா. இருமல் வர்ற எடத்துல நிறுத்தி, திரும்ப அத மட்டும் கேட்டா. நான் ஒண்ணும் பேசல. அப்பா போய் அப்போ 12 வருஷம்.

பிறகு ஒருநாள், "மொட்டை மாடியில வத்தல் காயப்போடும்போது கேக்கலயேய்யா"ன்னு புகார். அங்க வைஃபை எட்டாது. கோப்ப போன்லயே இறக்கி வைக்க ஒரு பட்டன் கேட்டா. எனக்கு மனசில்ல. எல்லாம் ஒரே எடத்துல இருக்கணும், எங்க இருந்தும் கேக்கணும், அதுதானே மீடியா சர்வரோட தத்துவமே, ஒவ்வொரு போன்லயும் நகல் எடுத்தா அப்புறம் எதுக்கு சர்வர்னு பெரிய வியாக்கியானம் பண்ணுனேன். அம்மா கேட்டுட்டு, "சரிய்யா, பட்டன எப்பம் வைப்ப?"ன்னா. வச்சேன்.

இப்ப என் முட்டாள்தனங்கள வரிசையாச் சொல்லிருதேன். 2011-ல, 'அதான் டிஜிட்டல் ஆயிட்டுல்லா'ன்னு கேசட் பெட்டிய பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டவன் நான். 2022 கோடையில மாடி வெக்கையில பொட்டி அடிக்கடி அணையுதுன்னு அத கீழ மாடிப்படிக்கு அடியில கொண்டு வச்சவனும் நான். 'நகல் எடுக்கணும்'னு நெனைச்சு நெனைச்சு எடுக்காம விட்டவனும் நானேதான். ஒண்ணரை ஜிபி! பென்டிரைவ்ல ஒரு மூலைக்குப் பத்தாது.

2023 டிசம்பர் 17, ஞாயித்துக்கிழமை. அன்னிக்குக் கொட்டுன மழையப் பத்தி தனியாச் சொல்ல வேண்டாம், நெல்லையிலயும் தூத்துக்குடியிலயும் இருந்தவங்களுக்குத் தெரியும். ஆறு கரைய மீறுச்சு. ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு குளமாச்சு. எங்க வீட்டுலயும் தண்ணி. நான் அம்மாவத்தான் முதல்ல மாடிக்கு ஏத்துனேன், அதுல வருத்தமில்ல. மாத்திரை, பத்திரம், அடுப்பு, சிலிண்டர்னு ஏத்தி முடிக்குறதுக்குள்ள கரண்ட் போச்சு. ரவுட்டர் மட்டும் பேட்டரியில உயிரோட இருந்துச்சு. இருட்டுல அம்மா போனத் தெறந்து பாத்துட்டு, "பொட்டி இருக்குய்யா, பட்டியல்ல காட்டுது"ன்னா.

நான் படியில நின்னு எட்டிப் பாத்தேன். பொட்டி தண்ணிக்குள்ள இருந்துச்சு.

பைபை சொல்ல அதுக்கு நேரமில்ல. செயலி மட்டும் அந்த அரை மணிநேரக் கெடு முடியுற வரைக்கும் அது இருக்குன்னே காட்டிக்கிட்டு இருந்துச்சு. அத எழுதுனவன் நான்தான், ஏன் அப்படிக் காட்டுதுன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பேரு பட்டியல்ல இருந்து மறையுற வரைக்கும் அம்மாகிட்ட நான் ஒண்ணும் சொல்லல.

வட்டு தேறல. மீட்டுத் தாறோம்னு வாங்கிட்டுப் போன எடத்துலயும் சேறுதான்னு சொல்லித் திருப்பிக் கொடுத்துட்டாங்க. மிச்சம் என்னன்னு தேட ஆரம்பிச்சேன். அம்மா போன்ல 11 கோப்பு, அந்தப் பட்டன் புண்ணியத்துல. சித்தப்பாவுக்கு 2005-ல நான் எழுதிக் கொடுத்த ஒரு சிடி அவர் வீட்டு பீரோவுல கெடந்துச்சு. "ஏல, இது என்னன்னே தெரியாம சாமி படத்துக்குப் பின்னால வச்சிருந்தேன்டே"ன்னார். அதுல 30 படிக்க முடிஞ்சுது. அதுல 4 அம்மா போன்ல ஏற்கனவே இருந்தது. ஆக 94-ல 37. மத்த 57 போயாச்சு. அப்பா பதிஞ்ச வில்லுப்பாட்டுல பாதிக்கு மேல அதுல இருந்துச்சு.

ஆச்சி தாலாட்டு பொழைச்சிருச்சு. அம்மா முதல்ல இறக்குனதே அதத்தான்.

இப்ப யோசிச்சா, 1999-ல இருந்து இத்தனை பேர் மண்டைய ஒடச்சுக்கிட்டது எல்லாம் பொருள் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கத்தான். கூப்பாடு, பதில், அலமாரி எல்லாம் அதுக்குத்தான். அந்தப் பொருள் நாளைக்கும் இருக்குமாங்கறது அவங்க கேள்வியே இல்ல. அது வீட்டுக்காரன் வேலை. நான் கூப்பாட்டுலயே மயங்கிப் போய் அந்த வேலைய விட்டுட்டேன். அப்பாவுக்கு யுபிஎன்பி தெரியாது, ஆனா வெள்ளம் வந்தா எதப் பரண்ல ஏத்தணும்னு தெரிஞ்சிருந்துச்சு. தத்துவம் பேசுன என்னை விட மொட்டை மாடியில வத்தல் காயப்போட்ட அம்மாவுக்கு விவரம் ஜாஸ்தி.

செயலியோட புதுப் பதிப்புல இறக்குற பட்டன்தான் இருக்குறதுலயே பெருசு. 37 கோப்பும் இப்ப மூணு வீட்டுல இருக்கு, சித்தப்பா வீட்டு சாமி படத்துக்குப் பின்னாலயும் சேத்து. சர்வர மறுபடி மாடியில வச்சுட்டேன், வெக்கைக்கு ஒரு ஃபேனும் போட்டாச்சு.

மக்களே, உங்க வீட்டுப் பரண்லயும் ஒரு கேசட் பெட்டி கெடக்கும். யாரோ இருமுற சத்தம் அதுல இருக்கும். இந்த ஞாயித்துக்கிழமை அத எறக்குங்க. நகல் எடுத்து நாலு பேர்கிட்ட கொடுங்க. முக்கியமா, எடுத்து முடிச்சதும் கேசட்டத் தூக்கிப் போட்டுராதீங்க.